படுக்கும் இடத்தின் உயரத்தையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டிசம்பர் விடுமுறையில் பனிமலைக்குப் போவது பற்றி சென்ற ஞாயிறு இணைப்பிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். உத்தராகண்டில் உள்ள கேதார்காந்தாவுக்கு முதன்முறை போகிறவர்களும் தயங்காமல் போகலாம், சிகரத்தின் உயரம் 3,800 மீட்டர், பனியில் நடக்கலாம், பனிமேலேயே கூடாரம் போட்டுத் தூங்கலாம் என்று எழுதியிருந்தீர்கள். அன்று காலை பத்து மணிக்குள் என் தங்கை மகன் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பிவிட்டான். "பெரியம்மா, டிக்கெட் போடட்டுமா?" என்று கேட்டிருந்தான். அவனுக்குச் சொன்ன பதிலைத்தான் கொஞ்சம் விரித்து உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் போடிநாயக்கனூர்க்காரி. உடற்கல்வி ஆசிரியையாக 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வயது 61. எங்களுக்கு மலை வாசலிலேயே நிற்கிறது. குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஏறியபோது எனக்கு ஒன்பது வயது. அதனால் மலைக்குப் போகாதே என்று யாரிடமும் சொல்ல எனக்கு வாய் வராது. நான் சொல்ல வந்தது ஒன்றுதான். குளிர்காலத்தில், முதுகில் சுமையோடு, இரவு தங்கி நடக்கும் முதல் பயணத்துக்கு உயரமான இடம் வேண்டாம். தாழ்ந்த பாதையாகப் பார்த்துப் போங்கள். இமயமலையிலேயே அப்படிப்பட்ட பாதைகள் நிறைய இருக்கின்றன.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். 2020 ஜனவரியில் நானும் தங்கையும், என்னிடம் படித்த இரண்டு பெண்களும் ஓர் ஏற்பாட்டாளரிடம் பணம் கட்டி உத்தராகண்டில் பனி நடைக்குப் போனோம். முதல் இரவு கூடாரம் 2,800 மீட்டர் அளவில். இரண்டாம் இரவு 3,300-க்கு மேல். சாயங்காலமே தங்கைக்குத் தலைவலி. டீகூட வேண்டாம் என்றாள். எட்டு மணிக்கு வாந்தி. உடன் வந்த வழிகாட்டிப் பையன் நல்லவன்தான். ஆனால் "காலையில் சரியாகிவிடும்" என்பதற்கு மேல் அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. எங்கள் மூச்சுக்காற்றே கூடாரத்தின் உள்பக்கத்தில் பனிப்பொடியாக உறைந்து, யாராவது புரண்டு படுத்தால் முகத்தில் உதிர்ந்தது. இரவு ஒரு மணிக்கு அவள் எழுந்து வெளியே போய்விட்டு வந்தபோது நேராக நடக்கவில்லை. காலைத் தப்பும் தவறுமாக வைத்தாள். பள்ளி மைதானத்தில் வெயிலில் சுருண்டு விழும் பிள்ளைகளை எத்தனையோ முறை பார்த்தவள் நான். அந்த நடையைப் பார்த்ததும் இனி விடியும்வரை காத்திருக்கக் கூடாது என்று முடிவு செய்துவிட்டேன். தலைவிளக்கைப் போட்டுக்கொண்டு, பையனை முன்னால் விட்டு, அவளைக் கைத்தாங்கலாக இறக்கினோம். கீழே ஊர் வந்து சேர மூன்றரை மணி நேரம். இறங்க இறங்கவே அவளுக்குப் பேச்சு தெளிந்தது. காலையில் அந்த ஊரில் ஒரு வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து இரண்டு ரொட்டி சாப்பிட்டாள். அவளை மீட்டது மருந்து மாத்திரை எதுவும் இல்லை. ஐந்நூறு அறுநூறு மீட்டர் கீழே வந்ததுதான்.

உயரம் தரும் மலைநோய் பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேல்தான் தொடங்குகிறது. 3,000-க்கு மேல் போனால், படுக்கும் இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது என்பது மலையேற்ற மருத்துவத்தில் எல்லோரும் சொல்லும் விதி. கேதார்காந்தாவை எடுத்துக்கொள்ளுங்கள். சாங்க்ரி கிராமம் சுமார் 1,900 மீட்டர். முதல் முகாம் ஜூடா கா தாலாப் சுமார் 2,800. அடுத்த இரவு அடிவாரமுகாம் சுமார் 3,400. வழக்கமாகப் போகிற வேகத்தில் இரண்டே இரவில் 1,500 மீட்டர். சென்னையிலோ மதுரையிலோ கடல்மட்டத்தை ஒட்டி வாழ்கிற உடம்பு இது. பலபேர் நல்லபடியாகப் போய் வருகிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் யாருக்கு ஒத்துக்கொள்ளும், யாருக்கு ஒத்துக்கொள்ளாது என்பது மேலே போன பிறகுதான் தெரியும். என் தங்கை என்னைவிட நான்கு வயது இளையவள், நாள்தோறும் ஐந்து கிலோமீட்டர் நடப்பவள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை, அவளுக்கு ஆனது.

அடுத்தது குளிர். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறத்தாழ ஆறரை டிகிரி குறையும். எங்கள் ஊரில் இதைப் படிக்கப் புத்தகம் வேண்டாம். மூணாறு பேருந்தில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் போடிமெட்டுக்குள் சேலைத் தலைப்பு தோளைச் சுற்றிவிடும். உத்தராகண்டில் உள்ள அல்மோரா நகரம் 1,640 மீட்டர். அங்கே அதிகாலையில் 2 டிகிரி என்றால், 3,400 மீட்டர் முகாமில் மைனஸ் 9 அல்லது 10. காற்று சேர்ந்தால் இன்னும் மோசம். இந்தப் பதினோரு டிகிரி வித்தியாசத்தில்தான் எல்லாம் மாறுகிறது. தண்ணீர் புட்டி உறைகிறது. போன் பேட்டரி படுத்துவிடுகிறது. கனமான தூக்கப்பை வேண்டும், பனிக்கான காலணி வேண்டும், பை 9 கிலோவிலிருந்து 14 கிலோவாகிறது. பெண்களுக்கு இன்னொரு சிரமம் உண்டு, யாரும் எழுதமாட்டார்கள்: நடு இரவில் கூடாரத்தை விட்டு வெளியே போக வேண்டுமே என்று பயந்து மாலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் விடுகிறோம். அந்த உயரத்தில் தண்ணீர் குடிக்காமல் இருப்பது உடம்பை இன்னும் வாட்டும்.

2022 டிசம்பரில் மறுபடியும் கிளம்பினோம். இந்த முறை நானே வழி பார்த்தேன். சிகரத்தின் பெயரைத் தேடவில்லை. எந்த இரவும் ஊட்டியைவிட உயரமான இடத்தில் படுக்கக் கூடாது என்று வைத்துக்கொண்டேன். ஊட்டி 2,240 மீட்டர். அந்தக் கோட்டுக்குக் கீழே இமயத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்தபோது கிடைத்தது உத்தராகண்டின் குமாவூன் பகுதியில், அல்மோராவுக்குப் பக்கத்தில் உள்ள பின்சர். 1988-ல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட ஓக் காடு. காட்டுக்குள்ளேயே பழைய ஊர்கள் இருக்கின்றன. ஊருக்கு ஊர் காலடிப்பாதை இருக்கிறது. சில வீடுகளில் தங்க இடமும் சாப்பாடும் தருகிறார்கள். சரணாலயம் என்பதால் நினைத்த இடத்தில் கூடாரம் அடிக்க முடியாது. அடிக்கத் தேவையும் இல்லை.

தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் டெல்லி. அங்கிருந்து இரவு ரயிலில் காட்கோதாம். காட்கோதாமில் பங்கு ஜீப் பிடித்து அல்மோரா. டிசம்பர், ஜனவரியில் வட இந்திய மூடுபனியால் ரயில்கள் பல மணி நேரம் தாமதமாகும். டெல்லியில் ஒரு நாளை வெறுமனே விட்டுவைக்காமல் அடுத்த ரயிலுக்கு முன்பதிவு செய்யாதீர்கள். அல்மோராவில் ஓர் இரவு தங்கிவிட்டு, மறுநாள் சரணாலய வாசலில் கட்டணம் கட்டி நடக்கத் தொடங்கினோம்.

முதல் நாள் தங்கிய வீட்டை மறக்க முடியாது. கல் கூரை, மண் பூசிய தரை. அந்த வீட்டுத் தீதி (அங்கே அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) தட்டில் வைத்த கறுத்த ரொட்டியைப் பிட்டு வாயில் போட்ட தங்கை, "அக்கா, இது கேப்பை!" என்றாள். கேழ்வரகேதான். அவர்கள் மண்டுவா என்கிறார்கள். தொட்டுக்கொள்ள கஹத் பருப்பு. அது நம் கொள்ளு. குளிருக்கு நல்லது என்று தீதி சைகையில் சொன்னாள். கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று நாங்கள் சொல்லும் பழமொழியை, எங்களோடு வந்திருந்த தங்கை மகன் அரைகுறை இந்தியில் சொல்லிப் பார்த்தான். அவளுக்குப் புரிந்ததோ இல்லையோ, இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

மறுநாள் காலை, பனிமலைகளைப் பார்க்கும் காட்சிமுனையான ஜீரோ பாயின்ட். சுமார் 2,400 மீட்டர். நாங்கள் ஏறிய உயரத்திலேயே அதுதான் அதிகம். ஏறி, பார்த்து, இறங்கிவிட்டோம். திரிசூல், நந்தாதேவி, நந்தாகோட், பஞ்சசூலி எல்லாம் ஒரே வரிசையில் நின்றன. திரிசூல் 7,120 மீட்டர், நந்தாதேவி 7,816. குளிர்காலத்தில் காற்று தெளிவாக இருப்பதால் மலையின் மடிப்புகள்கூடத் தெரிந்தன. கோடையில் போகிறவர்களுக்குத் தூசியும் காட்டுத்தீப் புகையும் மறைக்கும் காட்சி அது. அங்கே அரை மணி நேரம் நானும் தங்கையும் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. பனிமலையைப் பார்க்கப் பனியில் படுக்கத்தான் வேண்டும் என்பதில்லை என்று அப்போது தோன்றியது.

பிறகு தவுல்சீனா என்ற ஊர். அங்கிருந்து தீதியின் உறவுக்காரப் பையன் துணையோடு ஊர்ப்பாதைகளில் விருத்த ஜாகேஷ்வர். அதற்குக் கீழே தேவதாரு மரங்களுக்கு நடுவில் நூற்றுக்கு மேற்பட்ட கற்கோயில்கள் நிற்கும் ஜாகேஷ்வர், 1,870 மீட்டர். நான்கு நாள் நடை. ஒவ்வொரு இரவும் வீட்டுக்குள், ரஜாய் என்னும் பஞ்சுப் போர்வையின் கீழ். நான் கொண்டுபோன சிறு வெப்பமானியில் விடியற்காலை 2, 3 டிகிரி. ஒரு நாள் பூஜ்யம். எந்த இடத்தில் நின்று யாருக்கு என்ன ஆனாலும் இரண்டு மணி நேரத்துக்குள் ஜீப் வரும் சாலைக்கு இறங்கிவிடலாம். பாதையைத் தேர்ந்தெடுக்கும்போது நான் பார்த்த இரண்டாவது கணக்கு இதுதான்.

2024 ஜூனில், கோடைக்காலத்தில், உத்தரகாசி பக்கம் சஹஸ்ர தால் ஏரிக்குப் போன 22 பேரில் 9 பேர் பனிப்புயலில் இறந்துபோனார்கள். பெரும்பாலும் பெங்களூருவிலிருந்து போனவர்கள். மலை அனுபவம் இல்லாதவர்கள் இல்லை. 4,000 மீட்டருக்கு மேல் வானிலை மாறினால் ஒதுங்க வீடு இல்லை, இறங்கச் சாலை இல்லை. ஜூனிலேயே அப்படி என்றால், ஜனவரியில் யோசித்துப் பாருங்கள்.

தாழ்ந்த பாதை என்றால் ஆபத்தே இல்லை என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். போடிக்காரி அப்படிச் சொல்ல முடியாது. 2018 மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டில் தீ சூழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அன்று ராத்திரி எங்கள் தெருவில் யாரும் தூங்கவில்லை. ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. இறந்தவர்களில் பெரும்பாலோர் இளம் வயதினர். அது உயரமான மலையில் நடக்கவில்லை. பின்சரிலும் 2024 ஜூன் 13 அன்று தீயை அணைக்கப் போன வனப் பணியாளர்கள் உயிரிழந்தார்கள். 2025 ஜனவரியில் மறுபடி போனபோது கருகிய மரங்களைப் பார்த்தோம். தாழ்வான சரிவுகளில் சீர் பைன் மரத்தின் உதிர்ந்த ஊசியிலை, அங்கே பிரூல் என்பார்கள், கணுக்கால் அளவு கிடக்கும். காய்ந்தால் தீக்குச்சிதான். ஈரமானாலும் காய்ந்தாலும் காலை வழுக்கும். தங்கை அதில் ஒருமுறை உட்கார்ந்தபடியே பத்தடி சறுக்கினாள். நல்லவேளையாகக் கீழே வயல் இருந்தது. ஆகவே இந்த உயரத்துக் காடுகளுக்கு டிசம்பர், ஜனவரிதான் காலம். மார்ச் தொடங்கிவிட்டால் வேண்டாம். நம் ஊர்க் காடுகளுக்கும் அப்படித்தான்.

உயரே விழுவது பனி, தாழ்வில் பெய்வது மழை என்பதையும் எழுத வேண்டும். குளிர்காலத்தில் மேற்கிலிருந்து, மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வரும் மேகத்தொடர்கள் இமயத்தில் இரண்டு மூன்று நாள் பெய்துவிட்டுப் போகும். 1,800 மீட்டரில் அது பெரும்பாலும் 4, 5 டிகிரி மழையாகத்தான் இறங்கும். காய்ந்த பனியை உதறிவிடலாம். இந்த மழை உடம்போடு ஒட்டிக்கொள்ளும். பருத்தி உள்ளாடையும் ஜீன்ஸும் நனைந்தால் அந்தப் பயணத்தில் மறுபடி காயாது. பூஜ்யத்துக்கு மேல் இருந்தாலும் நனைந்த உடம்பில் காற்று பட்டால் விறைத்துப்போகலாம். முதலில் நடுக்கம், பிறகு கை தடுமாறும், பித்தான் போட வராது, வார்த்தை குழறும். என் தங்கையிடம் அன்று நான் பார்த்த தள்ளாட்டம் வேறு காரணத்தால் வந்தது; ஆனால் இரண்டுக்கும் அடையாளம் ஏறக்குறைய ஒன்றே. யாராவது தடுமாறி நடந்தால் காரணத்தைப் பிறகு பேசிக்கொள்ளலாம், நடையை நிறுத்திவிடுங்கள். ஒரு ஜோடி கம்பளி உள்ளுடையும் காலுறையும் பிளாஸ்டிக் பையில் கட்டி, படுக்கும்போது மட்டும் போடுவதற்கென்று நாங்கள் தனியே வைத்திருக்கிறோம். பகலில் எவ்வளவு குளிர்ந்தாலும் அதை எடுப்பதில்லை.

தாழ்வு என்பதற்காகப் பள்ளத்தாக்கின் அடியில், ஆற்றோரப் புல்வெளியில் போய்ப் படுக்கவும் கூடாது. ஊட்டியில் உறைபனி விழும்போது பத்திரிகையில் வரும் படங்களைப் பாருங்கள். தலைக்குந்தா, காந்தல், குதிரைப் பந்தய மைதானம். எல்லாம் பள்ளமான வெளிகள். இரவில் கனத்த குளிர்காற்று சரிந்து வந்து அங்கேதான் தேங்கும். அதற்குக் கொஞ்சம் மேலே, தென்கிழக்கு பார்த்த சரிவில் இருக்கும் வீடு இரண்டு மூன்று டிகிரி கதகதப்பாக இருக்கும், காலை வெயிலும் முதலில் அங்கே வரும். மலைக்காரர்கள் ஊரை அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். வடக்குச் சரிவுப் பாதைகளில் பத்து மணிவரை கண்ணாடிபோல் உறைந்த தண்ணீர் கிடக்கும். அவற்றில் மெதுவாகத்தான் போக வேண்டும்.

இன்னும் இரண்டு செய்திகள். அங்கே டிசம்பர் கடைசியில் ஐந்தே கால், ஐந்தரைக்குள் சூரியன் மறைந்துவிடும். பின்சரில் சிறுத்தை உண்டு. மூன்று மணிக்குள் தங்குமிடம் சேரும் அளவுக்குத்தான் நடை வைத்துக்கொள்ள வேண்டும், எட்டுப் பத்துக் கிலோமீட்டர். இரண்டாவது, தயவுசெய்து பெரிய எழுத்தில் போடுங்கள்: கரி அடுப்பையோ, அங்கீட்டி என்னும் கணப்புச் சட்டியையோ அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கக் கூடாது. கூடாரத்துக்குள் கூடவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை. வட இந்தியாவில் ஒவ்வொரு குளிர்காலமும் இப்படிக் குடும்பங்கள் உயிரிழக்கின்றன. கொடைக்கானலிலும் நடந்திருக்கிறது. எங்களுக்கு அன்போடு அங்கீட்டி கொண்டுவந்து வைத்த தீதியிடம், கையைக் காய்ச்சிக்கொண்ட பிறகு அதை வெளியே வைத்துவிடச் சொன்னபோது அவளுக்கு வருத்தம்தான். ஆனாலும் வைத்துவிட்டாள்.

சமையலுக்கு எரிவாயு எடுத்துப்போகலாமா என்று தங்கை மகன் கேட்டான். விமானத்திலும் ரயிலிலும் அதற்கு அனுமதி இல்லை. மேலும் சாதாரண பியூட்டேன் உருளை பூஜ்யம் டிகிரியில் சரியாக எரியாது. வீடுகளில் சாப்பிடும் பாதையில் இந்தக் கவலை இல்லை, அந்த ஊருக்கு நாலு காசும் போகும். பையில் சுக்கும் கருப்பட்டியும் இருந்தால் போதும்.

பையைத் தூக்கிக்கொண்டு நடந்து பழகுவதற்கு இமயம் வரை போகவும் வேண்டாம். 2024 அக்டோபரில் தமிழக அரசு 40 மலைப்பாதைகளை முன்பதிவு முறையில் திறந்திருக்கிறது, வழிகாட்டியோடு போகலாம். இரவு தங்க முடியாது, பரவாயில்லை. எட்டுக் கிலோ பையோடு அவற்றில் இரண்டு மூன்று நடந்துவிட்டு வடக்கே போகிறவர்களுக்குத் தோளும் முழங்காலும் கைகொடுக்கும்.

ஆசிரியர் அவர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். இனி மலைநடை பற்றி எழுதும்போது சிகரத்தின் உயரத்தோடு, ஒவ்வொரு இரவும் படுக்கும் இடத்தின் உயரத்தையும் அச்சிடுங்கள். அங்கிருந்து வண்டி வரும் சாலைக்கு இறங்க எத்தனை மணி நேரம், பக்கத்து மருத்துவமனை எந்த ஊரில், அந்த மாதத்தில் எத்தனை மணிக்கு இருட்டும் என்பதையும் போடுங்கள். நாலு வரிதான் பிடிக்கும். சென்ற வாரக் கட்டுரையில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. அதை வெட்டி வைத்துக்கொண்டு டிக்கெட் எடுக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். வரும் ஞாயிறு இதழிலேயே சேர்த்து வெளியிட முடிந்தால் நன்றாக இருக்கும். பள்ளி விடுமுறைக்கு அதிக நாள் இல்லை.

தங்கை மகன் இப்போது ஒருவழியாக மறுபடியும் பின்சருக்கே போகச் சம்மதித்திருக்கிறான். பனியைக் கையால் தொட வேண்டும் என்பதை மட்டும் விடவில்லை. ஜனவரியில் ஜீரோ பாயின்டில் சில நாள் பனி விழும். விழுந்தால் காலையில் ஏறித் தொட்டுவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்குத் தீதி வீட்டுக்கு இறங்கிவிடலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியை,
போடிநாயக்கனூர், தேனி மாவட்டம்